அரசாங்கக் காணியில் அண்ணையின் கொட்டில்

நவம்பர் 3, திங்கள்

மழை. காலையிலிருந்து ஒரே சாம்பல் வானம். இடது சப்பாத்துக்குள் தண்ணீர். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரின் ஈரக் குடை என் மடியில்.

மேசையில் மறுபடியும் கொட்டில் கோப்புகள். வடக்கே அரசாங்கக் காட்டில் பொறி வைத்து நரி, பீவர், மரநாய் பிடிக்கிறவர்களுக்கு ஒரு துண்டுக் காட்டை ஒதுக்கிக் கொடுப்பார்கள். குளிருக்கு ஒதுங்க அங்கே ஒரு கொட்டில் போட அனுமதி. ஒரே தட்டு, மாடி கூடாது. சின்னது. குழாய்த் தண்ணீர் கூடாது, மின்சாரம் கூடாது, அத்திவாரம் கூடாது. தோல் உரிக்க ஒரு மேசை, படுக்கப் பலகை, ஒரு அடுப்பு. அவ்வளவுதான். பொறிக்காரர் கொட்டில் என்று நானாக வைத்த பெயர். இங்கே எழுதும்போது பொ.கொ.

அனுமதி கொடுப்பது வடக்கு அலுவலகம். முறைப்பாடு வந்தால்தான் மொன்றியலுக்கு, எங்களிடம்.

இன்று வான்படங்களில் கண்ட பொ.கொ.க்கள்:
– வெளியே சுடுதண்ணீர்த் தொட்டி. படத்திலேயே ஆவி பறக்கிறது.
– மூன்று கார் நிற்க இடம், படகு கட்டப் பலகைத்துறை.
– கூரையில் தொலைக்காட்சித் தட்டு. முற்றத்தில் பிள்ளைகள் துள்ளும் வலை.
– ஒன்றை இணையத்தில் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். 'இயற்கையின் மடியில்' என்று விளம்பரம் வேறு.

இவர்கள் இதுவரை பிடித்த மிருகம் நுளம்பு ஒன்றுதான். சனி ஞாயிறு பியர் குடிக்க ஊரார் எல்லோருக்கும் சொந்தமான காடு. பார்க்கப் பார்க்கக் குமட்டல். மத்தியானம் சாப்பாட்டு அறையில் யாரோ மீன் சூடாக்க, அந்த மணமும் சேர்ந்துகொண்டது.

பின்னேரம் கார்த்திக் வந்தார். வான்படங்களை வைத்து அளவெடுக்கிறவர். சென்னைக்காரர், இங்கே படிக்க வந்து வேலையில் சேர்ந்தவர்.

"அக்கா, இதப் பாருங்க. பெர்மிட்ல கொட்டாய். ஆனா மேல ஒரு மாடி. மாடிக்கு பால்கனி வேற. பக்கத்துக் காட்டுக்காரர், நோர்மான்னு ஒருத்தர், கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்காரு."

பார்த்தேன். பச்சைத் தகரக் கூரை. முன்னால் பலகைத் தளம். அதில் வரிசையாகச் செம்மஞ்சள் கதிரைகள். அந்தக் கதிரைகளை எனக்குத் தெரியும். இந்தக் கோடை முழுக்கக் குடும்ப வாட்ஸப்பில் அண்ணை அவற்றில்தான் சாய்ந்திருந்தார். 'எங்கட கொட்டேஜ்.'

அனுமதி பெற்றவர்: பரமேஸ்வரன் பொன்னம்பலம்.

பொன்னம்பலம் அப்பாவின் பெயர். இந்த மாகாணத்தில் கலியாணம் கட்டினாலும் பெண்ணின் பெயர் மாறாது. என் அலுவலக அறைக் கதவில் ஒட்டியிருப்பதும் அதே பொன்னம்பலம்தான்.

கார்த்திக் படத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.


நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டது. காற்று. பல் கூச்சம் வலப்பக்கம்.

சில்வி வந்ததும் வராததுமாகப் போய்ச் சொல்லிவிட்டேன். சில்வி எங்கள் பகுதித் தலைவி. 'அது என் அண்ணன்.' ஒரு வசனம்தான். பிரெஞ்சில் சொல்ல இன்னும் சின்னதாக இருந்தது.

சில்வி: "நல்லது, சொன்னதற்கு நன்றி. இனி இந்தக் கோப்பை நீ தொடாதே. கார்த்திக் பார்க்கட்டும். அந்த இடத்துப் பக்கமும் போகாதே." பிறகு கொஞ்சம் சிரித்து, "உங்கள் ஆட்கள் காட்டுக்குப் போய்ப் பொறி வைப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அழகாக இருக்கிறது."

அழகாம்.

அண்ணை புரோசார்டில் காப்புறுதி முகவர். கோயில் திருவிழாவில் முன்வரிசை. போன வருடம் இரண்டு கூட்டாளிகளோடு பொறிவைக்கும் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பொழுதுபோக்கு என்று நினைத்தோம். வயதான ஒருவர் தன் காட்டுத்துண்டை விட்டுக்கொடுக்க, அண்ணை அதை எடுத்திருக்கிறார். எங்களுக்குச் சொன்னது 'காணி வாங்கிட்டன்'. நான் போனதில்லை. என் கணவர் சிவா ஒருமுறை போய் மீன் பிடித்து வந்தார்.

இரவுச் சாப்பாட்டில் சிவாவுக்குச் சொன்னேன். அவருக்கு ஆத்திரம் என் மேல்.

"நீர் ஏன் வாயைத் திறந்தனீர்? பேசாமல் விட்டிருக்கலாம்தானே."

"கதவிலை பெயர் கிடக்குது."

"பொன்னம்பலம் எண்டு ஆயிரம் பேர் இருக்கினம். வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்?"

கீரை அடிப்பிடித்தது. அப்படியே சாப்பிட்டோம்.


நவம்பர் 5, புதன்

காலை அலுவலக வாசலிலேயே ரெலிபோன். அண்ணை. நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. சிவா சொல்லியிருக்கிறார். நான் பல் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

"தங்கச்சி, என்னம்மா இது? உன்ர மேசைக்கு வந்ததை ஏன் வேறை ஆளிட்டைக் குடுத்தனி?"

"அது சட்டம் அண்ணை. சொந்தக்காரரின்ரயை நான் பாக்கக்கூடாது."

"சட்டமோ? உன்னைக் கொழும்பிலையிருந்து ஸ்பொன்சர் பண்ணி எடுத்தது ஆர்? அப்ப நான் சட்டம் பாத்துக்கொண்டு நிண்டனானே?"

அவர் குரலைத் தணித்தார்.

"இஞ்சை பார். இன்னும் மூண்டு நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கினம், தங்களுக்கும் ஒரு துண்டு எடுத்துத் தரச்சொல்லி. நான் சொல்லிப்போட்டன், என்ர தங்கச்சி அந்த ஒபீஸிலைதான், வேலை சுகமா முடியும் எண்டு. இப்ப என்ர முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

ஆக, நான் கொட்டேஜோடு கூட வரும் ஒரு சாமான். அடுப்பு, கட்டில், தங்கச்சி. எத்தனை வீட்டு வரவேற்பறையில் என் பெயரைச் சொல்லி ரோல்ஸ் சாப்பிட்டாரோ.

கடைசியில் அழுகிற குரல். "ஒருக்கா வந்து கண்ணாலை பார். எதைக் கழட்டவேணும் எண்டு நீ சொல்லு, நான் கழட்டுறன். சனிக்கிழமை வா. அண்ணி ஆட்டிறைச்சி காய்ச்சுவா."

பிறகு சொல்கிறேன் என்று வைத்தேன். முதல் மாடிக் கழிப்பறையில் முகம் கழுவினேன். சவர்க்காரம் முடிந்திருந்தது.


நவம்பர் 6, வியாழன்

செய்ய வேண்டியவை: குளிர்கால ரயர் மாற்ற நேரம் எடுக்க. பல் வைத்தியர். சப்பாத்து. மல்லித்தூள்.

கார்த்திக் கோப்பி இயந்திரத்தடியில், குரலைத் தாழ்த்தி: "சொல்லக் கூடாதுதான்க்கா. ஆனா அந்த ஏரியச் சுத்தி இன்னும் நாலு கொட்டாய் இருக்கு. எல்லாமே இதே கதைதான். கம்ப்ளெய்ன்ட் குடுத்த நோர்மான் இருக்காரே, அவரு இடத்துல பின்னாடி சோனான்னு ஒரு நீராவிக் குளியல் ரூமே கட்டி வெச்சிருக்காரு."

"அவற்றைப் பற்றி?"

"யாரும் கம்ப்ளெய்ன்ட் குடுக்கலியே. சில்விகிட்டக் கேட்டேன். வந்ததை மட்டும் பாருன்னாங்க."

எத்தனையோ வருடமாக அதே ஏரிக்கரையில் வெந்நீர் ஆவி பறந்திருக்கிறது, யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு தமிழ்ப் பெயர் வந்ததும் சட்டம் கண் விழித்துவிட்டது. இதைச் சொல்லி அண்ணை தப்பிக்கொள்வார் என்பது இன்னும் அருவருப்பு. இரண்டு பக்கமும் கையில் ஒட்டுகிறது.


நவம்பர் 7, வெள்ளி

ஜான்-டலோன் சந்தை. அண்ணி கேட்ட கத்தரிக்காய், பச்சை மிளகாய். ஆம், போகிறேன். சில்வி போகாதே என்றாள். ஆனால் மாடியைத் தானாகவே கழற்றினால் மிச்சம் தப்பும். இல்லாவிட்டால் முழுதையும் இடிக்கக் கட்டளை வரும். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ரெலிபோனில் சொன்னால் அழுவார்.

சிவாவுக்குச் சந்தோசம். தூண்டிலைக் காரில் வைத்துவிட்டார்.


நவம்பர் 9, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று ஒழுங்காக எழுதுகிறேன், பிறகு மறந்துவிட்டதாக நானே எனக்குச் சொல்லாமல் இருக்க.

நேற்றுக் காலை வெளிக்கிட்டோம். மலைப்பாதை, கடைசியில் மண் றோட்டு. வெயில் வந்தது. கொட்டில் என்ற அந்த மாளிகை: கீழே மண்டபம், தோல் சோபா, போத்தல்கள் அடுக்கிய மேடை. ஜெனறேற்றர் இடைவிடாமல் தடதட. சுவரில் கரடித்தலை, பழஞ்சாமான் சந்தையில் வாங்கியது. அதன் கீழே வரிசையாக நரித்தோல், மரநாய்த்தோல். ஒன்றின் பின்புறம் கடைச்சீட்டு இன்னும் கழற்றாமல். அண்ணையின் இரண்டு கூட்டாளிகளும் குடும்பங்களோடு. பாட்டு. ஆட்டிறைச்சி, ரோல்ஸ், கொத்து ரொட்டி.

"அண்ணை, மேல்தட்டைப் பற்றி…"

"முதல் சாப்பிடு. பேந்து கதைப்பம்."

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிட்ட பிறகு, "வா, பொறி காட்டுறன். சும்மா சாட்டுக்குக் கொட்டில் போட்டிருக்கிறன் எண்டு நினைக்காதை. உண்மையா வைச்சிருக்கிறன்" என்றார். அண்ணை, நான், சிவா, கூட்டாளிகள் இருவர். அண்ணி பாத்திரம் கழுவ நின்றுவிட்டார்.

முதலில் மணம் வந்தது. பிறகு அண்டங்காகங்கள் எழும்பின.

செந்நரி. முன்னங்கால் இரும்புப் பொறிக்குள். பொறி சங்கிலியில், சங்கிலி மரத்தில். சங்கிலி எட்டும் தூரத்துக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் புல் இல்லை, இலை இல்லை, பாசி இல்லை. எல்லாம் பிறாண்டி வெறும் மண். பக்கத்தில் நின்ற சின்ன மரத்தின் பட்டை பல்லால் கிழிந்திருந்தது. மாட்டிய காலைத் தானே எலும்பு தெரியும்வரை கடித்திருந்தது. கண்களைக் காகம் எடுத்துவிட்டது.

ஒரு நாளில் செத்த மிருகம் அப்படி வட்டம் போடாது.

அண்ணை கை தட்டினார். "அட! ஒண்டு விழுந்திட்டுதடா!" கூட்டாளிகள் சிரித்தார்கள். ஒருவர், "பரா அண்ணை, இப்பதான் நீங்கள் அசல் பொறிக்காரன்." அண்ணை கையுறையைப் போட்டுக்கொண்டு அதைப் பொறியோடு கழுத்தில் பிடித்துத் தூக்கினார். விறைத்துப்போய் இருந்தது.

"தங்கச்சி, இந்தா என்ர போன். ஒரு படம் எடு. உங்கட ஒபீஸுக்குக் காட்டலாம்."

எடுத்தேன். ஒருதரம் அமத்தினேன். அண்ணை ஒன்றை நீட்டினால் என் கை வாங்கும். அவ்வளவு பழக்கம். படத்தில் அவர் சிரிப்பும் அந்தக் காலும் ஒன்றாக வந்தன. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"கடைசியா எப்ப வந்து பொறியைப் பாத்தனீங்கள் அண்ணை?"

"போன கிழமை இஞ்சை வந்து நிண்டனாங்கள். இந்தப் பக்கம் வரேல்லை. எனக்கு வேலை இல்லையே? கிழமைநாளிலை ஆர் இவ்வளவு தூரம் ஓடுறது?"

"பொறி வைச்சால் அடிக்கடி வந்து பாக்கவேணும் எண்டு வகுப்பிலை சொல்லித் தந்தவைதானே?"

"நரிதானேடி. ஆள் இல்லையே."

அப்போது நாலுசில்லு மோட்டார் வண்டியின் சத்தம். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு மனிதர், கையில் ஏற்கெனவே போன். எவ்வளவு நேரம் மரங்களுக்குப் பின்னால் நின்று படம் பிடித்தாரோ. நோர்மான்.

"பொன்ஜூர், மாதாம் பொன்னம்பலம்." என்னை அவருக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணைதான் சொல்லியிருக்கிறார், தங்கச்சி பெரிய அதிகாரி, கவனமாக இரு என்று.

நரியைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகமும் சுருங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்கள் நாட்டில் நாய்களை இப்படித்தான் வைத்திருப்பீர்களா?" என்றார்.

"உங்கள் கொட்டிலுக்குப் பின்னால் சோனா இருக்கிறது, முசியே" என்றேன்.

சிரித்தார். "இது என் தாத்தா திரிந்த காடு."

"இது அரசாங்கக் காடு."

தோளைக் குலுக்கிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

தோல் பழுதாகிவிட்டது என்று அண்ணை நரியைப் பற்றைக்குள் காலால் தள்ளினார். மற்றவர்கள் போன பிறகு நான் ஊசியிலைக் கிளைகளை முறித்து மூடிவிட்டேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

திரும்பி வந்ததும் சொன்னேன். "மேல்தட்டு மட்டுமில்லை அண்ணை. முழுக்கக் கழட்டுங்கோ. பொறியையும் திருப்பிக் குடுங்கோ. உங்களுக்கு இது வேண்டாம்."

"நீ இப்ப ஆரின்ர வீட்டிலை சாப்பிட்டனி?" என்றார் எல்லோருக்கும் கேட்க.

காரைச் சிவா ஓட்டினார். பாலம் வந்ததும், "ஒரு நரிக்காக…" என்று தொடங்கினார். நான் வானொலியைப் போட்டேன்.

கோட்டை இன்று இரண்டு தரம் தோய்த்தேன். மணம் போகவில்லை.


நவம்பர் 10, திங்கள்

முதல் பனி. ஈரப் பனி, நிலத்தில் விழுந்ததும் சேறு.

சில்வி கதவைச் சாத்தினாள். திரையில் படம். நான் போனை உயர்த்திப் பிடித்திருக்கிறேன். எதிரே அண்ணை, கையில் நரி. நோர்மான் சனிக்கிழமை பின்னேரமே அனுப்பிவிட்டார்.

"இது நீயா?"

"நான்தான்."

"போகாதே என்றேன்."

"சொன்னாய்."

"படம் எடுத்தாயா, அல்லது சும்மா…" இல்லை என்று நான் சொல்வதற்காக இடம் விட்டாள்.

"எடுத்தேன்."

பெருமூச்சு. விசாரணை முடியும்வரை அனுமதிப் பகுதியில் வேலை இல்லை. நாளை முதல் கீழ்த்தளத்தில், வீடு மாறுகிறவர்களின் முகவரி பதிகிற வேலை. இது நியாயம்தான். நான் மறுக்கவில்லை.

ஆனால் பிறகு நாற்காலியை முன்னே இழுத்தாள். "உன் அண்ணன் தானாக மாடியைக் கழற்றட்டும். கோப்பை மூடிவிடுவேன். உன் விசாரணையும் சின்னதாக முடியும். நரியைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம். எழுதினால் வனவிலங்கு அதிகாரிகள் வருவார்கள். பிறகு அந்த ஏரி முழுவதையும் கிளற வேண்டி வரும்."

"கிளறினால் என்ன?"

சில்வி யன்னல் பக்கம் பார்த்தாள். "பனி தொடங்கிவிட்டது, வாசுகி. வசந்தத்தில் பார்ப்போம்."

அப்படியென்றால் மற்றக் கொட்டில்கள் யாருடையவை என்று அவளுக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. அண்ணை அழுது கேட்டதையே இவள் அழாமல் கேட்கிறாள்.

"எழுதுகிறேன்" என்றேன்.


நவம்பர் 11, செவ்வாய்

மத்தியான இடைவேளையில் உட்கார்ந்து எழுதினேன். கண்டது மட்டும். மணம், பொறி, சங்கிலி, வட்டம், கால். போன கிழமை அந்தப் பக்கம் போகவில்லை என்று அவர் சொன்னது. நான் போகக்கூடாத இடத்துக்குப் போனது. நான் படம் எடுத்தது. நோர்மானின் சோனா. மற்ற நாலு கொட்டில்கள். பெயர் போட்டுக் கையெழுத்து. அனுப்பியாயிற்று.

சிவாவிடம் சொன்னேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு புரோசார்டுக்குப் போனார், அண்ணையைச் சமாதானப்படுத்த. வரும்போது அண்ணி கொடுத்துவிட்ட சோற்றுப் பொதி. அண்ணை இருக்கும்போதே கொடுத்தாரோ, தெரியாமல் கொடுத்தாரோ.

குடும்ப வாட்ஸப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.


நவம்பர் 13, வியாழன்

கீழ்த்தளம். யன்னல் இல்லை. நாள் முழுக்க வீடு மாறுகிறவர்களின் ரெலிபோன். ஒருவர் மனைவியை விட்டுப் பிரிந்து மாறுகிறார், அதை எனக்கு முழுதாகச் சொன்னார்.

வரும் வழியில் தமிழ்க்கடை. மல்லித்தூள் எடுத்துக்கொண்டு திரும்ப, முகம் மட்டும் தெரிந்த ஒரு அம்மா.

"நீங்கள் பரா அண்ணையின்ர தங்கச்சியெல்லே?"

"ஓம்."

"சொந்தச் சகோதரத்தைக் காட்டிக் குடுக்கிறதெண்டால்… எப்பிடி நித்திரை வருது?"

காட்டிக் கொடுக்கிறது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஆட்கள் செத்திருக்கிறார்கள். போர்க்காலத்தில், தலையில் சாக்குப் போட்டு ஆட்களை அடையாளம் காட்டுகிறவன் முன்னால் ஆமி வரிசையாக நிறுத்தியபோது கேட்ட சொல். அதை ஒரு சோபாவுக்கும் சாராய மேடைக்கும் எடுத்துவந்து ஒட்டுகிறார்கள். காசு மேசையில் மல்லித்தூளை வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.


நவம்பர் 14, வெள்ளி

கார்த்திக் கீழே வந்தார், சாப்பாட்டுப் பெட்டியோடு. எனக்கும் தயிர்சாதம் கொஞ்சம்.

"உங்களுக்குத் தெரியணும்க்கா. நேத்து வனவிலங்கு ஆபீசர்ஸ் போய்ப் பாத்தாங்க. பொறி எதுவும் இல்ல, எல்லாம் எடுத்தாச்சு. நீங்க மூடின இடத்துல ஒண்ணுமே இல்லியாம். அந்த வட்டத்து மேல பனி."

"அண்ணை என்ன சொல்கிறார்?"

"பொறிய அன்னிக்குக் காலையிலதான் வெச்சாராம். உடனே மாட்டிடுச்சாம். ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரும் சாட்சி எழுதிக் குடுத்திருக்காங்க. உங்களுக்குக் குடும்பத் தகராறு, அதனால பழி வாங்கறீங்கன்னு."

"நோர்மான் பார்த்தாரே. அவர் முகம் சுருங்கியதை நான் கண்டேன்."

கார்த்திக் சிரிக்கப் பார்த்து, முடியாமல் விட்டார். "அவரு அனுப்பின படத்துல நரியோட கால் சரியாத் தெரியல. அது எந்த நிலையில இருந்துச்சுன்னு அவருக்கு இப்ப ஞாபகமும் இல்லியாம். தூரத்துல நின்னாராம். அவரும் உங்க அண்ணனும் இப்ப ஒரே லாயர்க்கா."

போன சனிக்கிழமைதான் எங்கள் நாட்டு நாய்களைப் பற்றிக் கேட்டார். சோனாவும் சோபாவும் கைகுலுக்கிவிட்டன. தாத்தாவின் காடும் தங்கச்சியின் ஒபீஸும் ஒரே வாசல்.

சிவாவும் அங்கே நின்றார். கண்டார். மாலை கேட்டேன், ஒரு வரி எழுதித் தருவீர்களா என்று. சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். "நான் பின்னாலை எல்லோ நிண்டனான். சரியாத் தெரியேல்லை."

அவர் என் தோளில் முட்டிக்கொண்டு நின்றார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

ஒன்றும் சமைக்கவில்லை. பாண்.


நவம்பர் 15, சனி

பனி கொட்டுகிறது. பத்து மணிபோல அழைப்புமணி. அண்ணி. தனியாக. புரோசார்டிலிருந்து ரயில், பிறகு மெற்றோ, பிறகு பஸ். அண்ணை கொண்டுவந்து விடாமல் அவர் இந்த வீட்டுக்கு வந்ததை நான் கண்டதில்லை. தலையெல்லாம் பனி.

கோட்டைக் கழற்றச் சொன்னேன், கழற்றவில்லை. கதிரை நுனியில் இருந்தார். தேத்தண்ணி வைத்தேன், தொடவில்லை. சிவா எழும்பி உள்ளே போகப் பார்த்தார்.

"நில்லுங்கோ தம்பி. நீங்களும் கேளுங்கோ" என்றார் அண்ணி.

சிவா நின்றார்.

"நீ அதைக் கண்டதுக்கு முதல் சனிக்கிழமை, வாசுகி. நாங்கள் அங்கைதான் நிண்டனாங்கள். பின்னேரம் தொடங்கினது. குழந்தைப்பிள்ளை கத்துற மாதிரி. நான் சொன்னன், உங்கட பொறியிலை ஏதோ மாட்டியிருக்கு, போய்ப் பாருங்கோ எண்டு. இருட்டுது, நாளைக்குப் பாப்பம் எண்டார். பாட்டைக் கூட்டிவிட்டார். கூட்டாளிமாருக்கும் கேட்டது. ஒருத்தர் அதை மாதிரியே கத்திக் காட்டினார். எல்லாரும் சிரிச்சினம்."

வெளியே பனி அள்ளும் வண்டி போனது.

"ஞாயிறு விடியவும் கத்தினது. குரல் கம்மிப்போச்சு. வெளிக்கிடேக்கையும் கேட்டது. போய்ப் பாத்தால் ஏதாவது செய்யவேண்டி வரும், அவருக்குப் பயம். அதுதான் போகேல்லை. வேறை ஒண்டுமில்லை. கார்க் கண்ணாடியை ஏத்தச் சொன்னார். நானும் ஏத்தினன்."

சிவா சுவரில் சாய்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டு காலையிலைதான் பொறி வைச்சதெண்டு எழுதிக் குடுத்திருக்கினம். எனக்கு முன்னாலை, என்ர சாப்பாட்டு மேசையிலை இருந்து எழுதினவை. தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான். நான் வந்து சொல்லலாமோ? எனக்குப் பிரெஞ்சு வராது."

"தமிழிலை சொல்லலாம் அண்ணி. ஆனால் நான் மொழிபெயர்க்க ஏலாது. வெளியிலை ஒரு ஆளைப் பிடிப்பினம்."

"அது நல்லது. நீ இருந்தால் பேந்து உன்னைச் சொல்லுவினம்."

"அண்ணைக்குத் தெரியுமோ, நீங்கள் வந்தது?"

"சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். களவா வரேல்லை."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. நான் படி இறங்க, உள்ளுக்கு நிண்டு கதவைப் பூட்டினார்."

சிவா உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம். தலையணையும் தடித்த போர்வையும் கொண்டுவந்து முன்னறைச் சோபாவில் வைத்தார். வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "நானும் எழுதித் தாறன்" என்றார். அவர்மேல் அருவருப்பு இன்னும் போகவில்லை. எழுதட்டும்.

"எத்தினை மணிக்குத் திறப்பினம் உங்கட ஒபீஸ்?" அண்ணி கேட்டார்.

"திங்கள் எட்டரைக்கு."

"அப்ப நேரத்துக்கு எழுப்பிவிடு."

எழும்பி நின்று, அப்போதுதான் கோட்டைக் கழற்றினார்.